இன்றைய நகர்வு: பூஜ்ஜியம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற சுவர் கடைசி நாள் வரை நகரவே இல்லை. நகர்ந்திருந்தால் சுவர்க் கண்காணிப்பு இயக்ககத்துக்குத் தெரியாமல் போயிருக்காது. சுவரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அவர்களிடம் மூன்று மாடிக் கட்டடமும், ஒரு இயக்குநரும், அவருக்கு இரண்டு துணை இயக்குநர்களும், அவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஏற முடியாத ஒரு ஜீப்பும் இருந்தன.

மேட்டு மண் சரிந்து தெருவுக்குள் வந்துவிடாமல் இருக்க எப்போதோ கட்டிய சுவர் அது. அதற்கும் எங்கள் பின்னறைக்கும் நடுவே ஒருக்களித்து நடந்தால் ஓர் ஆள் போகலாம். முன்னறையில் அப்பா சாவி வெட்டுவார். தெருவில் எல்லாருக்கும் அவர் சாவிக்காரர். பின்னறையில் அம்மா மேசை போட்டு அக்கம்பக்கத்துத் துணிகளை இஸ்திரி போடுவாள். இரண்டு அறைக்கும் நடுவில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நான் இருந்தேன். சாவி வெட்டும் சத்தமும் இஸ்திரியின் ஆவி வாசனையும் ஒரே சமயத்தில் வந்தால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் இயக்ககத்தார் வந்து சுவர் நெடுகத் தலைமுடியைப் போன்ற ஒரு கண்ணாடி இழையை ஒட்டினார்கள். அதற்குள் வெளிச்சம் ஓடும், சுவர் அசைந்தால் வெளிச்சம் மாறும், அது எவ்வளவு என்று தெருமுனை அறையில் வைத்திருக்கும் பெட்டி மில்லிமீட்டரில் சொல்லும் என்றார்கள். பெட்டியின் பெயர் ஒளியிழைச் சமிக்ஞைச் சீராக்கி. மூச்சு விடாமல் அதைச் சொல்லத் தெரிந்தவர் இயக்குநர் ஒருவர்தான். அதனால்தான் அவரை இயக்குநர் ஆக்கியிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள்.

தொடக்க நாளில் தெருவை அடைத்து நாற்காலி போட்டார்கள். இயக்குநர் பேசினார்.

"இந்தச் சுவர் இதுவரைக்கும் கேக்க நாதியில்லாம நின்னுச்சு. இனிமே அது நகரணும்னா எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் நகரணும். அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல போச்சுன்னு பெட்டி சொன்னா, அன்னைக்கே உங்க எல்லாரையும் புது வீட்டுல கொண்டுபோய் விடறது என் பொறுப்பு."

அப்பா எழுந்து நின்று கை தட்டினார். அவர் அப்படித்தான். மேடையில் இருந்து யாராவது "பொறுப்பு" என்று சொன்னால் நம்பிவிடுவார்.

பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. சுவர் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பஸ்ஸில் தூங்கி விழித்த ஒருவர், கண் விழித்த இடத்திலிருந்து தூரத்தை எண்ண ஆரம்பிக்கிற மாதிரி, சுவிட்சைப் போட்ட நேரத்தில் சுவர் எங்கே இருந்ததோ அதைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளும். அங்கிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்லும். அணைத்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும். அணைக்காமல் வைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் மின்சாரச் சிக்கனம் பற்றி இயக்ககத்தில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்கு, விசிறி, பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் பத்து மணிக்குப் பெட்டிக்கு உயிர் வரும். அந்த அறையில் பெட்டியை இயக்குபவர் எழுந்து நின்று, திரையைப் பார்த்து, "பூஜ்ஜியம்" என்று உரக்கச் சொல்வார். துணை இயக்குநர்கள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார்கள். பிறகு டீ வரும். இயக்குபவர் வாசலில் இருக்கும் கரும்பலகையில் 'இன்றைய நகர்வு' என்பதற்கு எதிரே பெரிதாக ஒரு வட்டம் போடுவார். சாயங்காலத்துக்குள் பெட்டி ஏதோ ஒரு சின்ன எண்ணுக்கு வந்திருக்கும். மழை நாளில் கொஞ்சம் கூடுதலாக வரும். அதைப் பலகையில் எழுதலாமா என்று அவர் கேட்டு, பதில் வருவதற்குள் ஐந்து மணி ஆகிவிடும்.

தெருவில் அவரைப் பூஜ்ஜியம் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை உட்கார்ந்தபடியே சாதாரணக் குரலில் "பூஜ்ஜியம் சார்" என்று சொல்லிவிட்டதற்காக அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வெறும் எண்ணைச் சொல்லவில்லை, மக்களுக்கு நிம்மதியைச் சொல்கிறோம் என்று அதில் இருந்ததாம். அந்த வருஷம் இயக்ககத்துக்குத் தொடர் பூஜ்ஜிய விருது கிடைத்தது. விருதை இயக்ககம்தான் வழங்கியது.

இதற்கு நடுவில் எங்கள் வாசல் கதவு சாத்த மறுத்தது.

முதலில் லேசாக உரசியது. அப்பா இழைப்புளி வாங்கி வந்து விளிம்பைச் சீவினார். மறுபடி உரசியது, மறுபடி சீவினார். கடைசியில் கதவு சின்னதாகவும் நிலை கோணலாகவும் ஆகி, தாழ்ப்பாள் ஒரு பக்கமும் அது விழ வேண்டிய ஓட்டை வேறொரு பக்கமும் நின்றன. காற்றில் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க, அம்மா இஸ்திரி மேசையில் விரித்துக் கருகிப்போன பழைய துணியை நாலாக மடித்து அடியில் சொருகினாள்.

"ஊருக்கெல்லாம் பூட்டு போடற மனுஷன் வீட்டுக் கதவுக்குக் கந்தல்தான் காவல்," என்றாள்.

"மரம் ஈரத்துல உப்பிக்கும். வெயில் வந்தா சரியாயிடும்."

"வெயில்ல காய்ஞ்சுதானே இப்படி ஆச்சு."

"அப்ப மழை வந்தா சரியாயிடும்."

"என்னங்க, ஒண்ணு செய்யலாம். என் மேசையைக் கொஞ்ச நாளைக்கு முன்னறையில போட்டுக்கறேன். பின்னால அந்தச் சுவரைப் பாக்கப் பாக்க, அது என்னை எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கு."

"முன்னால உன் மேசை வந்தா என் மிஷினை எங்க வைப்பேன், தலையிலயா? சுவர் நகரவே இல்லைன்னு பலகையில போட்டிருக்கான். படிச்சவங்க போடறது."

"அவங்க போடறது முட்டை. அதைப் படிச்சவங்கதான் போடணும்னு இல்ல."

அம்மாவின் வாயை அடைக்க முடியாமல் அப்பா இயக்ககத்துக்குப் போனார். பலகைகளைப் படித்துச் சொல்ல நான் கூடப் போனேன். வாசலில் ஒரு பெரிய கடிகாரம் ஓடாமல் நின்றது. இயக்குநரின் ஜீப் வந்து நின்றதும் காவலாளி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தைப் பத்து மணிக்குத் திருப்பிச் சாவி கொடுத்தார். அலுவலகத்துக்கு யாரும் தாமதமாக வந்ததே இல்லை என்று கீழே எழுதி மாட்டியிருந்தது.

குறைகேட்கும் ஜன்னலில் எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றார். போன மாதம் அவருடைய சமையலறைக் கூரை விழுந்துவிட்டதாம்.

"இந்த மாசம் ஏதாவது விழுந்துச்சா?" என்று எழுத்தர் கேட்டார்.

"விழறதுக்கு மிச்சம் இல்லையே சார்."

"அப்ப நிலையா இருக்கு. நிலையான கூரைன்னு போட்டுக்கறேன். அடுத்தவங்க வாங்க."

அப்பா ஜன்னலுக்குக் குனிந்தார். "கதவு சாத்தமாட்டேங்குது சார். பின்னால சுவர் சாயுதோன்னு வீட்டுல பயப்படறாங்க."

"சுவரைப் பத்தி நாங்கதான் சொல்லணும். நீங்க கதவைப் பத்திச் சொல்லுங்க. நேத்து சாத்துச்சா?"

"இல்ல சார்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் இல்ல."

"அப்ப நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?"

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"வித்தியாசம் ஒண்ணும் இல்ல சார்."

"மாற்றம் இல்லை," என்று எழுத்தர் எழுதி முத்திரை குத்தினார். "இதுக்கா வேலையை விட்டுட்டு வந்தீங்க?"

திரும்பி வரும்போது அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. "பாத்தியாம்மா, நாமதான் வீணா பயந்துட்டோம்," என்றார். சுவருக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த சந்துக்குள் இப்போது ஒருக்களித்தும் நடக்க முடியவில்லை என்பதை அங்கேயே சொல்லியிருக்கலாம். நேற்றும் நடக்க முடியவில்லையே என்று அவர் கேட்டிருப்பார்.

இயக்ககத்தில் ஓர் இளம் பொறியாளர் இருந்தார். எல்லாரும் சின்ன மேடம் என்பார்கள். வருஷக் கடைசியில் செலவழிக்காமல் மிஞ்சிய நிதியை எப்படியாவது செலவழிக்க வேண்டும் என்று மேலிடம் நெருக்கியபோது, புதுவகைப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அது என்ன செய்யும் என்று யாரும் படிக்கவில்லை. விலை சரியாக இருந்ததால் வாங்கிவிட்டார்கள்.

மறுபடி தெருவை அடைத்து நாற்காலி. அதே இடத்தில் அதே மேடை. சின்ன மேடம் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். "பழைய பெட்டி, ஆன் பண்ணின நேரத்துலேருந்துதான் அளக்கும். இது அப்படி இல்ல. எப்ப ஆன் பண்ணினாலும் உண்மையான அளவைச் சொல்லும். நடுவுல கரண்ட் போனாலும், அணைச்சு வெச்சாலும் மறக்காது. இழை ஒட்டின முதல் நாள் தனியா எடுத்து வெச்ச அளவு நம்மகிட்ட இருக்கு. அதுலேருந்து சுவர் மொத்தமா எவ்வளவு நகர்ந்திருக்குன்னு இப்பத் தெரிஞ்சிடும்."

இயக்குநர் சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். பூஜ்ஜியம் அண்ணன் எழுந்து நின்று, வழக்கம்போல "பூஜ்ஜியம்" என்று உரக்கச் சொன்னார். கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் திரையைப் பார்த்தார்.

தொண்ணூற்று நான்கு.

வெளியே நாற்காலியில் இருந்தவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிய திரை வைத்திருந்தார்கள். அது சின்ன மேடத்தின் ஏற்பாடு. கைதட்டல் ஓர் ஓரத்திலிருந்து ஓய்ந்து அடங்கியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இஸ்திரி பிடித்துக் காய்த்த கை.

"அஞ்சுக்கு மேல போனா புது வீடுன்னு சொன்னீங்களே சார்," என்று அப்பா எழுந்து கேட்டார். எதிர்த்துக் கேட்கிற குரல் இல்லை. வழி கேட்கிற குரல்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. அஞ்சுக்கு மேலன்னு சொன்னது ஒரு நாளைக்கு. இந்தத் தொண்ணூத்தி நாலு எந்த நாள்ல போச்சு? யாராவது சொல்லுங்க பாப்போம். ஒவ்வொரு நாளும் இங்க பூஜ்ஜியம். அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்ப இது நான் வேலைக்கு வராத ஏதோ ஒரு நாள்ல நடந்திருக்கணும். நான் லீவே எடுத்ததில்ல. ஆக, அப்படி ஒரு நாளே கிடையாது. நடக்காத நாள்ல நடந்த ஒண்ணுக்கு எந்த அதிகாரியைப் பொறுப்பாக்க முடியும்?"

துணை இயக்குநர்கள் தலையாட்டினார்கள். அப்பாவும் பாதி தலையாட்டிவிட்டு நிறுத்தினார்.

"கருவிமேல எனக்குக் கோபம் இல்ல," என்று இயக்குநர் முடித்தார். "புதுசா வேலைக்கு வந்தது. பழசையெல்லாம் கிளறக்கூடாதுன்னு அதுக்குத் தெரியல. பழக்கிடுவோம்."

பழக்கிவிட்டார்கள். குழு ஒன்று கூடி, அந்தத் தொண்ணூற்று நான்குக்கு 'மரபுச் சாய்வு' என்று பெயர் வைத்தது. மரபு என்பதால் அதை மதிக்க வேண்டும், மதிப்பதால் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று முடிவானது. ஒவ்வொரு காலையும் திரையில் என்ன எண் வருகிறதோ அதிலிருந்து மரபுச் சாய்வைக் கழிக்க வேண்டும். மறுநாள் திரையில் கொஞ்சம் கூடியிருந்தது. அப்படியானால் மரபும் கூடியிருக்கிறது என்று அதையும் சேர்த்துக் கழித்தார்கள். பலகையில் வட்டம் வழக்கம்போல விழுந்தது.

சின்ன மேடத்தை அலுவலகப் பூந்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அக்கா, அந்த மேசையை முன்னால போட்டுக்குங்க. நான் சொன்னேன்னு வெளியில சொல்ல வேணாம்."

"சொல்லமாட்டேன். தண்ணி குடிம்மா முதல்ல. துப்பட்டா கசங்கியிருக்கு பாரு, குடு, ஒரு நிமிஷத்துல தேய்ச்சுத் தரேன்."

அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. துப்பட்டாவைக் கொடுக்காமல் போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது அம்மா விடவில்லை.

"கழிச்சிட்டாங்களாம். அவங்க கழிச்சது நம்பரைத்தானே, சுவரை இல்லையே."

"நான் இல்லைன்னா சொல்றேன்?"

"உங்க மிஷினும் என் மேசையும் ஒண்ணா நிக்காதா? நாம ரெண்டு பேரும் இத்தனை வருஷம் நிக்கல?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. ஞாயித்துக்கிழமை மிஷினைத் திருப்பிப் போட்டு இடம் பண்றேன். அதுக்கு முன்னால ஒரு பெரிய வேலை இருக்கு, பள்ளிக்கூடத்துப் பூட்டெல்லாம் மாத்தணும்."

"ஞாயித்துக்கிழமை. இவ சாட்சி," என்று அம்மா என்னைக் காட்டினாள். "இவ வாயைத் திறக்கமாட்டா. ஆனா மறக்கமாட்டா."

அது செவ்வாய்க்கிழமை. புதனும் அடுத்த நாளும் மழை.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. தேய்த்த துணிகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருமுனை வீட்டுக்குக் கொடுக்கப் போனேன். அம்மா பின்னறையில் இருந்து, "மடிப்பு கலையாம எடுத்துட்டுப் போ, பராக்குப் பாக்காத," என்றாள். பெட்டி அறையில் பூஜ்ஜியம் அண்ணன் எழுந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சொன்னார். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். பிறகு அவர் சுண்ணாம்புக்கட்டியுடன் வெளியே வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பலகையில் வட்டத்தை ஆரம்பித்தார்.

வட்டம் முடியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. லாரியில் இருந்து மண் கொட்டுகிற மாதிரி. ஆனால் நிற்காமல்.

முன்னறை அப்படியே நின்றது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கையில் பாதி வெட்டிய பள்ளிக்கூடத்துச் சாவியோடு, நடுவில் திரைச்சீலை தொங்கிய இடத்தில் நின்றுகொண்டு, மண்ணைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில். அம்மாவை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆனது. அதற்குள் யாரோ பலகையில் அந்த வட்டத்தை முடித்து வைத்திருந்தார்கள்.

இழை அறுந்துபோனதால் புதுப்பெட்டியின் திரையில் எண் எதுவும் வரவில்லை. வெறும் கோடு வந்தது. அதை ஒழுங்கீனம் என்று சொல்லி எடுத்துவிட்டு, பழைய பெட்டியைத் துடைத்து வைத்தார்கள். அறுந்த இழையோடும் அது பூஜ்ஜியம் காட்டியது. இயக்குநர் அதைத் தட்டிக்கொடுத்ததாகப் பூஜ்ஜியம் அண்ணன் பிறகு சொன்னார். சொல்லும்போது அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

துக்கம் விசாரிக்க இயக்குநரே வந்தார். தெருவில் நின்று பேசினார்.

"சுவர் விழுந்தது உண்மை. அதை நாங்க மறைக்கல. ஆனா அது நகரல. நகர்றது வேற, விழறது வேற. நகர்றதைப் பாக்கத்தான் எங்களை வெச்சிருக்காங்க. கடைசிவரைக்கும் இந்தச் சுவர் எங்க பார்வையில நகராமலே இருந்துச்சுங்கறதுல எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு, இந்த நேரத்துல துயரமும் உண்டு."

எங்களுக்குப் புது வீடு கொடுத்தார்கள். முதல் நாள் மேடையில் சொன்னபடியே கொண்டுபோய் விட்டார்கள். இயக்ககம் துயர்க் கண்காணிப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்றையும் ஆரம்பித்தது. குறைகேட்கும் ஜன்னலில் இருந்த அதே எழுத்தருக்கு அதில் பதவி உயர்வு. காலையில் பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு வீடாக வருவார்.

"நேத்தைவிட இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று அப்பாவிடம் கேட்பார்.

"நேத்து மாதிரியேதான் இருக்கு சார்."

"மாற்றம் இல்லை." எழுதிக்கொள்வார். நல்லவர்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

ஒருநாள் அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிம்மா? உன்னை ஒருநாளும் கேக்கலையே."

நான் எந்த அதிகாரியிடமும் அதுவரை பேசியதில்லை.

"எங்கேருந்து அளக்கணும் சார்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. பிறகு அன்பாகச் சொன்னார். "நேத்துலேருந்தும்மா. எல்லாருக்கும் நேத்துலேருந்துதான்."

"நேத்துலேருந்து அளந்தா ஒண்ணும் இல்ல சார்."

அவர் எழுதிக்கொண்டு போனார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது வீட்டுச் சுவர், வெள்ளை அடித்தது. மிஷினை அவர் அறையின் ஒரு ஓரத்தில் ஒடுக்கிப் போட்டிருக்கிறார். ஒரு மேசை நிற்கிற அளவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. அங்கே எதையும் வைக்க விடுவதில்லை.

இந்த வீட்டுக் கதவு விரலால் தொட்டாலே சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் ஓட்டையில் சரியாக விழும். எழுத்தர் போனதும் அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அம்மாவின் அந்தக் கருகின துணியை நாலாக மடித்து அடியில் சொருகினார்.

"இது நல்லா சாத்துதேப்பா," என்றேன்.

"தெரியும்மா," என்றார். துணி நகர்கிறதா என்று ஒருமுறை காலால் தள்ளிப் பார்த்தார்.